கடைசியாக வீட்டுக்கு வந்தவர்

குடிவரவு நேர்காணலுக்கு என்னென்ன ஆவணங்கள் கொண்டுபோக வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். அது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் அலமாரியில் கையேடு இருக்கிறது. வாடகை ரசீது, இருவர் பெயரிலும் வந்த மின்சார பில், கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் அடுக்கி ஒரு கோப்பில் போடத் தெரியாதவரை இந்த வேலைக்கே எடுத்திருக்க மாட்டார்கள். நானோ ஓய்வு பெற்று வீட்டுக்குப் பின்னால் தக்காளி வளர்த்துக்கொண்டிருப்பவள். என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சரி, ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதை நான் இதுவரை அலுவலகத்தில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் நீண்ட விடுமுறை எடுத்துக்கொள் என்று அனுப்பியிருப்பார்கள்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். கிழக்கு லண்டனின் அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடைக்கு மேலே எங்கள் குடிவரவு ஆலோசனை நிலையம் இருந்தது. நான் மலேசியாவில் பிறந்து, சட்டம் படிக்க லண்டன் வந்து, படித்து முடித்ததும் திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்டவள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். என்னை 'மலேசியா அக்கா' என்பார்கள். என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள், பிறகு என்னிடமே அழுவார்கள். பத்து வருடம் அவர்களோடு புழங்கியதில் அவர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அந்தக் காலத்து விதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்து இங்குள்ளவரைக் கல்யாணம் செய்துகொண்டால் முதலில் ஒரு வருட அனுமதிதான். அந்த வருடம் முடிந்ததும், இந்தக் கல்யாணம் நாட்டுக்குள் நுழைவதற்காகச் செய்ததல்ல, இன்னும் ஒன்றாகத்தான் வாழ்கிறோம் என்று காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் குரொய்டனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். கணவனை ஓர் அறையில் கேட்பார்கள், பிறகு மனைவியைக் கேட்பார்கள். அதே கேள்விகள். இரண்டு பதிலும் பொருந்தினால் உண்மை, பொருந்தாவிட்டால் பொய். எங்கள் தொழிலே இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நின்றது. தனித்தனியாகக் கேட்கப்பட்ட இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது நடந்த விஷயம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேசனும் யோகாவும் வந்தது ஒரு மழை நாளில். யோகா பல வருடங்களுக்கு முன்பே லண்டன் வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவள், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நேசன் கொழும்பிலிருந்து அவளைக் கல்யாணம் செய்ய வந்தவர், ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். இருவருக்கும் முப்பதுக்குப் பக்கம். குடிவரவு அலுவலகத்திலிருந்து அவர்களுக்கு வந்த கடிதத்தை என் மேசையில் வைத்தார்கள். ஓர் அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். அதன் பின் அலுவலகத்துக்கு ஒரு சந்தேகம்: அந்த வீட்டில் இன்னொரு ஆணும் வசிக்கிறார், தம்பதி அதை மறைக்கிறார்கள்.

"இன்னொரு ஆளா? யாராவது வாடகைக்கு இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை அக்கா" என்றாள் யோகா. "நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதியிருக்காங்க?"

நேசன் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்த அதிகாரி அம்மா சின்ன அறையைப் பாத்தவ. அதில கட்டில் விரிச்சுக் கிடந்தது. ஆம்பிளைச் செருப்பு. ஆரின்ர அறை எண்டு கேட்டவ. எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"உங்க அறைன்னு சொல்லலையே, அது வரைக்கும் நல்லது" என்றேன். புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு அறையில் படுக்கிறார்கள் என்று எழுதிவிட்டால் அதோடு கதை முடிந்தது. ஆனால் இதுவும் நல்லதாகப் படவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் நேசன் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். அவரை அங்கே ஒரு முறை பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். எதற்கு, எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவில்லை. "ரெண்டாந்தரம் பிடிச்சா விடமாட்டினம் அக்கா" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது யோகா அவருடைய கையைப் பிடிக்கவில்லை, குடையைப் பிடித்திருந்த தன் கையைத்தான் இறுக்கிக்கொண்டாள். பொய்க் கல்யாணக்காரர்கள் இந்த இடத்தில் கட்டாயம் கையைப் பிடிப்பார்கள். எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

பிறகு ஆல்பத்தைத் திறந்தேன், அந்த நம்பிக்கை ஆடிப்போனது.

கோயில் மண்டபம், மணவறை, பட்டு, மாலை எல்லாம் இருந்தன. ஆனால் படத்துக்குப் படம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், பெண் வீட்டார் பக்கமாக. கூட்டம் நெருக்கியடித்து நிற்கும் படத்தில்கூட அந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை. ஒரு படத்தில் நேசன் வாசலில் செருப்பில்லாமல் நிற்கிறார், முன்னால் தண்ணீர்ச் செம்பு இருக்கிறது, ஊற்ற ஆளில்லை. அடுத்த படத்தில் அவர் ஒரு மோதிரத்தை விரல்களில் பிடித்துக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே யாரும் இல்லை. அவருடைய பார்வை மட்டும் ஒருவருடைய முகத்தைப் பார்ப்பது போல் இருந்தது.

பொய்ப் படங்கள் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாடகைக்கு எடுத்த மாலை, வழியில் போன விருந்தாளி, எல்லாம். இப்படி ஒன்று பார்த்ததில்லை. "இங்க யார் நின்னாங்க?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒருத்தரும் நிக்கேல்லை அக்கா" என்றாள் யோகா. அது பொய்யில்லை என்பதும் தெரிந்தது, உண்மை முழுதாக வரவில்லை என்பதும் தெரிந்தது.

பிள்ளைகளே, இங்கே ஒரு விஷயம். ஆள் உங்களிடம் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தால் அலுவலகத்தில் வைத்து நோண்டாதீர்கள். வீட்டுக்குப் போங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள் இருக்கும்வரை நீங்களும் ஓர் அதிகாரிதான். அவர்களுடைய சமையலறையில் நீங்கள் ஒரு விருந்தாளி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீடு இருந்த செவன் கிங்ஸுக்குப் போனேன். ஒட்டிக்கொண்டிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. மணியை அடித்தேன். உள்ளேயிருந்து நேசனின் குரல் வந்தது: "தள்ளுங்கோ அக்கா, திறந்துதான் கிடக்கு." லண்டனில் முன்கதவைப் பூட்டாமல் சாத்தி வைத்திருக்கும் வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூரை ஒழுகி, உள்நடைச் சுவரில் ஈரம் படர்ந்திருந்தது. "ஏன் இங்கயே இருக்கீங்க? வேற வீடு பாக்கலாமே" என்றேன். யோகா என்னை மாடிக்கு அழைத்துப் போனாள்.

சின்ன அறை துப்புரவாக இருந்தது. கட்டிலில் போர்வையின் ஒரு மூலை மடித்துவிடப்பட்டிருந்தது. துவாலை, கைலி, புதுச் செருப்பு. மேசையில் ஒரு சின்ன டப்பாவில் அந்த மோதிரம். அந்த வீட்டிலேயே சூடாக இருந்த அறை அதுதான். மற்ற அறைகளில் இவர்கள் கம்பளிச் சட்டையோடு திரிந்தார்கள், அங்கே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

"என்ர தம்பி, வசந்தன்" என்றாள் யோகா.

நேசனை முன் அறையில் விட்டு, கீழே சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தேநீர் போட்டபடியே சொன்னாள். அவளுடைய கல்யாணத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் வசந்தன், கள்ள வழியில் ஆட்களை வெளிநாட்டுக்குக் கூட்டிவரும் ஓர் ஏஜென்டோடு கொழும்பிலிருந்து புறப்பட்டான். நடுவில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தான். எந்த ஊர் என்று அவனுக்கே தெரியவில்லை, பனி கொட்டுது என்றான். "அக்கா, கதவைப் பூட்டிப்போடாதேங்கோ, நான் இண்டைக்கோ நாளைக்கோ வந்திடுவன்" என்று சிரித்திருக்கிறான். அதோடு சரி. அவன் சட்டைப் பையில் இருந்தது இந்த விலாசம் ஒன்றுதான். அதனால்தான் வீடு மாறவில்லை.

"கல்யாணத்தில மாப்பிள்ளையைக் கால் கழுவிக் கூட்டி வாறது பொம்பிளையின்ர சகோதரன்தான் அக்கா. தோழன் எண்டு சொல்லுவம். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடவேணும். வேற ஆரையாவது நிப்பாட்டச் சொல்லிச் சொந்தக்காரர் சொன்னவை. நிப்பாட்டினா, அவன் வரமாட்டான் எண்டு நாங்களே சொல்லிப்போட்ட மாதிரி எல்லோ? அதுதான் இடம் விட்டனாங்கள். நேசன் ஒரு சொல் மறுத்துச் சொல்லேல்லை. ஆளில்லாத இடத்துக்கு மோதிரத்தை நீட்டினவர்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்றிருந்தேன் இல்லையா? இந்த ஒரு சடங்கு எனக்குத் தெரிந்திருந்தால் ஆல்பத்தைத் திறந்தவுடன் புரிந்திருக்கும்.

"அதிகாரிகிட்ட இதைச் சொன்னா என்ன?"

"சொன்னா எழுதுவினம். காணாமற் போனவர் எண்டு எழுதுவினம். அது அச்சில வந்திட்டுதெண்டா..." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏஜென்டோட வாறவனுக்கு வீடு குடுக்கப் பாத்தனாங்கள் எண்டு எங்களிலயும் பிழை பிடிப்பினம்" என்றாள். அந்தப் பயமும் நியாயமானதுதான்.

அவள் மனதை வேறு பக்கம் திருப்ப, தம்பி எப்படிப்பட்டவன் என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. "சரியான கூச்சக்காரன். எங்கட வீட்டில நாலு பொம்பிளைப் பிள்ளையள். அறைக்குள்ள வரமுதல் வாசலில நிண்டு செருமுவான். அப்பா பழக்கி விட்டவர். தன்ர அறைக்குள்ள போகவும் செருமுவான், ஒருத்தரும் இல்லாட்டிலும்." தொண்டையைச் செருமி அவனைப் போலவே செய்து காட்டினாள், இரண்டு சின்னச் செருமல், இரண்டாவது கொஞ்சம் நீளம். இருவரும் சிரித்தோம்.

பிறகு ஒத்திகையைத் தொடங்கினேன். தனித்தனியாகத்தான் செய்வேன். யோகாவைச் சமையலறையில் வைத்தே கேட்டேன். கட்டிலில் யார் எந்தப் பக்கம், நேற்று என்ன கறி, யார் முதலில் எழுந்தது. எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: நேற்று வீட்டுக்குக் கடைசியாக வந்தது யார்? பிறந்த நாளை மனப்பாடம் செய்து வருகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

"நான்தான், பின்னேரம். அவர் படுத்திருந்தவர், வேலைக்குப் போக முதல்" என்றாள். சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பைகளைக் கழுவத் திரும்பிக்கொண்டாள்.

முன் அறைக்குப் போய் நேசனிடம் அதே கேள்விகள். எல்லாம் அச்சு மாறாமல் பொருந்தின. கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"யோகா எண்டு சொல்லவேணும்" என்றார்.

"சொல்ல வேணும்னா? யோகாதானே?"

அவர் எழுந்து சமையலறைப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை அவவுக்குச் சொல்லாதேங்கோ. யோகா வந்து கீழ சமைக்கத் தொடங்கினாப் பிறகு, இருட்டுப்படுற நேரத்தில, முன்கதவு திறக்கும். ஆரோ படியேறி வருவினம். களைச்ச ஆள் நடக்கிற மாதிரி, மெல்ல மெல்ல. நான் மேல படுத்திருப்பன். எங்கட கதவைத் தாண்டிப் போய், சின்ன அறை வாசலில நிண்டு..." அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு செருமினார். இரண்டு சின்னச் செருமல், இரண்டாவது கொஞ்சம் நீளம்.

நான் மேலே கூரையைப் பார்த்தேன், பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமையில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பந்தாட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது.

"யோகா உங்ககிட்ட தம்பியோட பழக்கம் எதையாவது சொல்லியிருக்காளா?"

"இல்லை. தம்பியைப் பற்றிக் கதைச்சா அவ பிறகு சாப்பிடமாட்டா. நான் கேக்கிறேல்லை. நான் அவரைக் கண்டதும் இல்லை அக்கா."

அவர் உண்மையாகவே எதையும் அறியாமல் என்னைப் பார்த்தார். பக்கத்து அறையில் மனைவி செய்துகாட்டியதை இவர் இங்கே செய்துகாட்டுகிறார், இரண்டும் ஒரே ஆளின் தொண்டை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தனித்தனியாகக் கேட்டேன், இரண்டும் பொருந்தின. எங்கள் தொழிலின் கணக்குப்படி வசந்தன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

நான் நேசனுக்குச் சொன்னது இதுதான்: "இதைப் பத்தி அங்க வாயே திறக்காதீங்க. கேட்டா யோகான்னு சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் வேற வேற பதில் சொன்னா உங்களை விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க, புரியுதா?" அவர் தலையாட்டினார். நான் சொன்னது சரியான ஆலோசனை. இன்று நீங்கள் அந்த இடத்தில் இருந்தாலும் அதையே சொல்லுங்கள் என்பேன்.

திங்கட்கிழமை எங்கள் நிலையத்தின் மூத்தவரிடம், செருமலை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. அறையை ஒழித்துவிடு, கட்டிலைத் தூக்கிப் போடு, தையல் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வை, இரண்டு பேர் வீட்டில் இரண்டு பேருடைய சாமான் மட்டும் இருக்கட்டும் என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஒரு ஜோடி செருப்பால் குடும்பங்கள் பிரிந்ததைப் பார்த்தவர்.

இரண்டு நாள் யோசித்தேன். அந்த அதிகாரி அறையை ஏற்கெனவே பார்த்துவிட்டார். இப்போது அதை ஒழித்தால் இல்லாத குற்றத்துக்கு நாமே சாட்சி வைப்பது போல ஆகும். இது மூளை சொன்னது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். களைத்துப்போய்ப் படியேறி வரும் ஒருவன் அந்த வாசலில் நின்று செருமிவிட்டு உள்ளே பார்க்கும்போது கட்டில் இல்லாமல் இருப்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

யோகாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அறை அப்படியே இருக்கட்டும். யாரோடதுன்னு உண்மையைச் சொல்லிடுவோம். எழுத்துல நான் கொடுக்கிறேன். காணாமல் போனவர்ன்னு எழுத மாட்டேன். மனைவியின் தம்பி, வரவேண்டியவர், அப்படின்னு எழுதறேன். சரியா?"

அவள் அந்தச் சொல்லை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "வரவேண்டியவர்... ஓம் அக்கா. அது சரி" என்றாள்.

குரொய்டனில் எங்களுக்குக் கிடைத்தது சன்னல் இல்லாத ஓர் அறை. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார், சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தவரும் அவர்தான். நான் உட்காரலாம், பேசக்கூடாது. நேசன் முதலில். யோகா வெளியே, இரண்டு கதவு தள்ளி. நேசனின் பதில்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. சின்ன அறை மனைவியின் தம்பிக்கு. அவர் இன்னும் வந்து சேரவில்லை. அதிகாரி என் தாளைப் பார்த்து, 'வரவேண்டியவர்' என்ற இடத்தில் பென்சிலை வைத்து, எடுத்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கோப்பை மூடப் போனவர் மறுபடி திறந்தார். "நேற்று வீட்டுக்குக் கடைசியாக வந்தது யார்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்."

நேசன் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் யோகா, யோகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்ர மச்சான்" என்றார். "மனிசியின்ர தம்பி."

மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் விழித்துவிட்டு அப்படியே சொன்னார். வந்து சேராதவர் என்று சற்று முன் சொன்னவர், நேற்று வந்தார் என்கிறார். அந்த அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். இனி யோகா வருவாள், நான்தான் பின்னேரம் வந்தேன் என்பாள், நேசன் விமானத்தில் ஏறுவார்.

நேசனை வேறு கதவு வழியாக வெளியே அனுப்பிவிட்டு யோகாவை அழைத்தார்கள். ஒரு வார்த்தை பரிமாற வழியில்லை. அதே கேள்விகள், அதே பதில்கள். கடைசியில் அதே கேள்வி, அதே நிதானத்தோடு.

யோகா மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். ஒத்திகையில் சொன்ன பதில் அவள் வாய்வரை வந்ததை நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தாள்.

"தம்பி" என்றாள். "நான் சமைச்சுக்கொண்டு நிக்கேக்கை வந்தவன்."

அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு யோகாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பாளரையும் அனுப்பிவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தார்.

"சொல்லிக்கொடுத்து அழைத்து வரப்படுகிறவர்கள் வீட்டில் இரண்டே பேர் என்றுதான் சொல்வார்கள்" என்றார். "அன்று நான் போனபோது கணவர் எனக்கு முன்னால் படியேறினார். எனக்குப் பின்னால் இன்னொருவர் ஏறி வந்தார். வழி விடலாம் என்று சின்ன அறை வாசலில் ஒதுங்கினேன். தொண்டையைச் செருமினார், மரியாதைப்பட்டவர் செய்வது போல. திரும்பிப் பார்த்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதனால்தான் இன்னொரு ஆண் இருக்கிறார் என்று எழுதினேன். செருப்பைப் பார்த்து அல்ல."

"அவர் உயரமானவரா?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை."

"நானும்தான்" என்றார். பிறகு கோப்பில் ஏதோ எழுதி, நேசனின் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அதில் நிரந்தர வதிவிட முத்திரை இருந்தது. அந்தப் பெண்மணியை அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகளில் சந்தித்திருக்கிறேன். ஒரு நாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ரயிலில் மூவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். முத்திரையைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. "நான் என்ன சொல்லச் சொன்னேன், நீங்க என்ன சொன்னீங்க?" என்று நேசனைக் கடிந்துகொண்டேன்.

"சொல்லியிருப்பன் அக்கா. ஆனா அந்த அதிகாரி அம்மாவைப் பாக்க, அவவுக்கும் தெரியும் போல கிடந்தது." அவர் யோகாவின் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொன்னனீர்?"

"தம்பி எண்டு."

"உமக்கும் கேக்கிறதோ?"

"முதல்ல இருந்தே. நீங்கள் பயந்துபோயிடுவியள் எண்டு சொல்லேல்லை" என்றாள் யோகா. "உங்களுக்கு?"

"ஓம்" என்றார் நேசன். "நீர் அழுவீர் எண்டு சொல்லேல்லை."

அத்தனை நாளும் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் இருந்து, ஒரே காலடியைக் கேட்டுக்கொண்டு, மற்றவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்துப் பொறுத்திருந்திருக்கிறார்கள். இது கல்யாணமா இல்லையா என்று கேட்கத்தான் எங்களைக் குரொய்டன்வரை கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் யோகா நிலையத்துக்கு வந்தாள், கையில் குழந்தையோடு. வசந்தனோடு ஒன்றாகப் பயணம் வந்த ஒருவர் ஜெர்மனியிலிருந்து இவர்களைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறார். எல்லை கடக்கும்போது காட்டில், பனியில், வசந்தன் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அவன் தொலைபேசியில் பேசிய அதே வாரம். இவர்களுடைய கல்யாணத்துக்கு முன்பே. அந்தப் படங்களில் நேசன் மோதிரத்தை நீட்டியபோது அவன் இறந்து மாதங்கள் ஆகியிருந்தன.

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்டைக்குப் பின்னேரம் நான் அழுதுகொண்டு இருக்கேக்கை நேசன் எழும்பிப் போய் முன்கதவைப் பூட்டினவர் அக்கா" என்றாள். "முதல் தரமா. அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டுது. வந்து எனக்குப் பக்கத்தில இருந்தார். வெளியில இருட்டுப்பட்டுக்கொண்டு வந்தது. பிறகு திரும்பவும் எழும்பிப் போய், கதவைத் திறந்து விட்டிட்டு வந்தவர்."